பர்ன்அவுட் தொடரை ஓபன் வேர்ல்டாக மாற்றியது சரியா? ரசிகர்கள் ஏன் இன்னும் இரண்டு கட்சியாகவே இருக்கிறார்கள்?

கேட்டவர் கேள்விக்குக் கீழே கொஞ்சம் விளக்கமும் எழுதியிருக்கிறார். பர்ன்அவுட் ஒரு கார் பந்தய வீடியோ கேம் தொடர். அடைத்துக் கட்டிய தனிப்பாதைகளுக்குப் பதிலாக, இஷ்டம்போல் சுற்றக்கூடிய ஒரு முழு ஊரைத் திறந்துவிட்டது (அதுதான் ஓபன் வேர்ல்டு) 2008-ல் வந்த ‘பர்ன்அவுட் பாரடைஸ்’. அந்த ஆட்டத்தை ஒரு கூட்டம் தொடரின் உச்சம் என்கிறது, இன்னொரு கூட்டம் தொடரையே கெடுத்த ஆட்டம் என்கிறது. 2025-ல் நின்டெண்டோவின் பந்தய ஆட்டமான ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ வந்தபோதும் கிட்டத்தட்ட அதே சண்டை. இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறார்.

நான் இரண்டு பக்கமும் இருந்தவன். பாரடைஸை முதலில் ஆடியபோது அதன்மேல் அவ்வளவு கோபம். இன்றைக்கு அந்த ஊரின் தெருக்கள் எனக்கு மனப்பாடம். கோபப்பட்ட காலத்தில் நினைத்ததும் உண்மை, இப்போது நினைப்பதும் உண்மை. அது எப்படி என்று சொல்ல, பழைய பர்ன்அவுட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2005-ல் நாகர்கோவிலில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கடை, மணிக்கு 20 ரூபாய். நான்கு டிவியில் மூன்றில் கிரிக்கெட்டோ ரெஸ்லிங்கோ ஓடும். நான்காவதில் ‘பர்ன்அவுட் 3: டேக்டவுன்’. இங்கிலாந்தில் கில்ஃபோர்டு ஊரிலுள்ள கிரைட்டீரியன் நிறுவனம் செய்து 2004-ல் வெளிவந்தது. அதில் பூஸ்ட், அதாவது வண்டிக்குக் கூடுதல் வேகம், சும்மா கிடைக்காது. எதிர்த் தடத்தில் ஓட்ட வேண்டும், வருகிற லாரியை மயிரிழையில் தாண்ட வேண்டும், வளைவில் வண்டியைச் சறுக்கவிட வேண்டும், கூட ஓட்டுகிறவனைச் சுவரோடு சேர்த்து நசுக்க வேண்டும். ஆபத்தைத் தேடிப் போகிறவனுக்குத்தான் வேகம். வேகம் கூடக்கூடத் திரையின் ஓரங்கள் கலங்கி, சாலை போய் முடிகிற அந்தப் புள்ளி மட்டும் தெளிவாகத் தெரியும்.

முதல் வாரம் முழுக்க நான் எதிலாவது மோதிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னான்: “லேய், வண்டியப் பாக்காத. தூரத்தப் பாருல.”

எனக்கு பர்ன்அவுட் பிடிபட்டது அந்த நிமிடத்தில்தான். கண்ணைத் தூரத்தில் நிறுத்திவிட்டால் கை தானாக வேலை செய்யும். பாதை அடைத்துக் கட்டியது என்பதால் எங்கே திரும்புவது என்ற யோசனையே வராது. மனசு முழுக்க அடுத்த அரை விநாடியில்தான் இருக்கும்.

பாரடைஸ் 2009-ல் பிசிக்கு வந்தபோது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைத்தோழனின் கம்ப்யூட்டரில் ஆடினோம். ஊர் அருமையாக இருந்தது. நகரம், மலை, கடற்கரை, கல்குவாரி எல்லாம் ஒரே தொடர்ச்சி, நடுவில் லோடிங் திரை கிடையாது. சிக்னலில் வண்டியை நிறுத்தி ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால் ஒரு போட்டி ஆரம்பித்துவிடும். போட்டியைத் தேடி மெனுவுக்குள் போக வேண்டாம். இந்த ஒரு யோசனைக்காகவே அதைச் செய்தவர்களைக் கும்பிடலாம் என்று தோன்றியது.

பந்தயம் ஆரம்பித்ததும் எல்லாம் மாறிப்போனது. போய்ச்சேர வேண்டிய இடத்தை மட்டும் சொல்வார்கள், வழியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். திரும்ப வேண்டிய இடம் வந்தால் திரைக்கு மேலே தெருப்பெயர் மின்னும். மூலையில் சின்ன மேப். ஒவ்வொரு முக்கிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், அதற்கு மேப்பைப் பார்க்க வேண்டும். அந்த வேகத்தில் கண்ணை ஒரு கணம் மூலைக்குக் கொண்டுபோனால் எதிரே வருகிற வேனில் முகத்தைக் கொடுத்திருப்போம். மோதாமல் தப்பினாலும் திருப்பத்தைத் தவறவிட்டு, நாலாவது இடத்திலிருந்து எட்டாவது இடத்துக்குப் போயிருப்போம். தூரத்தைப் பார்க்கப் பழக்கிய தொடர், இப்போது தூரத்தைப் பார்க்க விடவில்லை. பழைய ரசிகர்களின் கோபத்துக்கு வேரே இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பலர் அதை “ஓபன் வேர்ல்டு பிடிக்கவில்லை” என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் விஷயம் வேறு எங்கோ போய்விடுகிறது.

அடுத்தது காற்றாலை. பாரடைஸில் பந்தயங்கள் முடிகிற இடங்கள் மொத்தம் எட்டுதான். அதில் ஒன்று மேற்கே மலைமேல் இருக்கிற காற்றாலைப் பண்ணை. முப்பந்தல் பக்கத்து ஆளான எனக்கு அந்த ராட்சத விசிறிகளைத் திரையில் பார்த்தபோது சொந்த ஊர் ஞாபகம் வந்தது. ஆனால் நகரத்தில் ஆரம்பிக்கிற எத்தனையோ பந்தயங்கள் அங்கே போய் முடியும். தோற்றால் தோற்ற இடத்திலேயே நிற்போம். திரும்ப முயற்சி செய்ய, ஊரைக் குறுக்கே கடந்து அதே சிக்னலுக்கு ஓட்டிப்போக வேண்டும். ஆட்டம் வெளிவந்தபோது ‘ரீஸ்டார்ட்’ என்ற வசதியே இல்லை. பின்னால் வந்த ஓர் இலவச அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். தோற்ற உடனே அதே வளைவுக்குத் திரும்பிப் போய், இந்தமுறை எப்படியாவது என்று பல்லைக் கடிக்கிற அந்தச் சூடுதான் ஆர்கேட் ரேஸிங்கின் உயிர். ஐந்து நிமிடம் ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சூடு ஆறிவிடும்.

இதில் வடிவமைப்பு சம்பந்தமான காரணமும் உண்டு. ஒரு தனிப்பாதையைச் செய்கிறவருக்கு நாம் எந்தத் திசையிலிருந்து, எந்த வேகத்தில் வருவோம் என்று தெரியும். சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது வெயில் கண்ணில் அடிக்க வேண்டும், அது தெளிகிற நொடியில் வளைவு வர வேண்டும் என்று அளந்து வைக்கலாம். ஊராகக் கட்டினால் ஒவ்வொரு முக்கையும் நான்கு திசையிலிருந்தும் வருகிறவர்களுக்காகச் செய்ய வேண்டும். நான்கு பேருக்கும் பொதுவாகச் செய்த வளைவு யாருக்கும் அவ்வளவு நெருக்கமாக இருக்காது.

கிராஷ் மோடுக்கு நடந்ததும் இதேதான். சாலைச் சந்திப்பில் வேண்டுமென்றே மோதி, முடிந்த அளவு சேதம் செய்வதுதான் கிராஷ் மோடு. பர்ன்அவுட் 3-ல் நூறு சந்திப்புகள். எந்த பஸ் எப்போது வரும், டேங்கர் எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றும் ஒரு புதிர். அங்கே வேகத்தைவிடக் கணக்கு முக்கியம். பாரடைஸில் அதை எடுத்துவிட்டு ‘ஷோடைம்’ வைத்தார்கள். எந்தத் தெருவிலும் எந்த நேரத்திலும் ஆரம்பிக்கலாம், வண்டி பந்து மாதிரி துள்ளித் துள்ளிப் போய் மற்ற வண்டிகளில் மோதும். பத்து நிமிடம் நன்றாக இருக்கும். ஆனால் எங்கேயும் ஆரம்பிக்கலாம் என்பதால் எந்த இடத்துக்கும் தனிக் குணம் இல்லை. கிராஷ் மோடுக்காக மட்டுமே அந்தக் கடைக்கு வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பாரடைஸை மன்னிக்கவே இல்லை, அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது.

இனி மறுபக்கம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் மாறியது இங்கேதான்.

பந்தயங்களை விட்டுவிட்டு ஒரு கட்டத்தில் ‘ரோடு ரேஜ்’ மட்டும் ஆட ஆரம்பித்தேன். குறித்த நேரத்துக்குள் இத்தனை பேரை டேக்டவுன் செய்ய வேண்டும், அதாவது இடித்து நொறுக்க வேண்டும். போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. எந்தத் தெருவில் திரும்பினாலும் எதிரிகள் கூடவே வருவார்கள். மேப்பைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கண் பழையபடி தூரத்துக்குப் போய்விட்டது. தாவியும் புரட்டியும் சாகசம் செய்து புள்ளி சேர்க்கிற ‘ஸ்டன்ட் ரன்’ போட்டியும் அப்படியே. இலக்கு இல்லாத போட்டிகளுக்கு அந்தத் திறந்த ஊர் அவ்வளவு பொருத்தம். பாரடைஸைத் திட்டுகிறவர்களில்கூட ரோடு ரேஜைத் திட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்படி ஓட்டிக்கொண்டே இருந்ததில் ஊர் எனக்குள் இறங்கிவிட்டது. மொத்தம் 64 சாலைகள். ஒவ்வொன்றுக்கும் நேரச் சாதனை ஒன்று, ஷோடைம் சாதனை ஒன்று. நண்பன் வைத்ததை முறியடித்தால் அந்தச் சாலை நம்முடையது. உடைத்துப் போக 400 மஞ்சள் தடுப்புகள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குறுக்குவழி. பழைய ரயில்பாதை எங்கே ஏறுகிறது, ஐ-88 நெடுஞ்சாலை எந்த இடத்தில் உடைந்து நிற்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு ஒருநாள் தற்செயலாக ஒரு காற்றாலைப் பந்தயத்தில் இறங்கினேன். மேப்பைப் பார்க்கவில்லை. தெருப்பெயரையும் பார்க்கவில்லை. கை தானாகத் திரும்பியது. சொந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருந்தது. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷத்தை பர்ன்அவுட் 3 எனக்குத் தந்ததில்லை, தரவும் முடியாது. பாதையைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, ஊரைத் தெரிந்துவைத்திருப்பது வேறு.

ஆகவே இரண்டு கட்சியும் ஒரே ஆட்டத்தின் வெவ்வேறு மணி நேரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் கணிப்பு. முதல் பதினைந்து மணி நேரத்தில் விலகிவிட்டவருக்கு அது குழப்பமான பந்தய ஆட்டம். அறுபது மணி நேரம் தாக்குப்பிடித்தவருக்கு அது ஒரு ஊர். ஆனால் அந்த இடைவெளிக்கு ஆட்டக்காரர்களைக் குற்றம் சொல்லக் கூடாது. கதவைத் திறக்க இவ்வளவு நேரம் எடுக்கிற ஆட்டம், அதற்குள் ஆளைப் பிடித்துவைக்கும் வழியையும் செய்திருக்க வேண்டும்.

நண்பர்களோடு ஆடுவதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2020 ஊரடங்கில் நாங்கள் ஆறு பேர், நாலு ஊரிலிருந்து, பாரடைஸைப் புதுப்பித்து வெளியிட்ட ரீமாஸ்டர்டு பதிப்பை பிஎஸ்4-ல் சேர்ந்து ஆடினோம். ‘ஃப்ரீபர்ன்’ முறையில் பந்தயம் கட்டாயமில்லை. எல்லோரும் குவாரியில் கூடுவது, ஒருவர் மேல் ஒருவர் தாவுவது, ஒரே நேரத்தில் வண்டியைக் காற்றில் புரட்டுவது என்று சேர்ந்து செய்கிற சவால்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. நேரில் பார்க்க முடியாத மாதங்களில் அந்தக் குவாரிதான் எங்களுக்கு டீக்கடையாக இருந்தது. அடைத்துக் கட்டிய பாதைகளில் இதற்கு இடமே இல்லை.

கிரைட்டீரியனுக்கே இந்த இழுபறி புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2010-ல் அவர்கள் செய்த ‘நீட் ஃபார் ஸ்பீடு: ஹாட் பர்சூட்’ ஆட்டத்தில் பெரிய நிலப்பரப்பு உண்டு, சும்மா சுற்றவும் செய்யலாம், ஆனால் பந்தயம் என்று வந்தால் பாதை குறித்துவிடப்படும். 2012-ல் ‘மோஸ்ட் வான்டட்’ செய்தபோது மறுபடி ஊரைத் திறந்துவிட்டார்கள். என் கண்ணுக்கு முதலாவதுதான் நல்ல பந்தய ஆட்டம். அதே 2012-ல் தொடங்கிய ‘ஃபோர்ஸா ஹொரைஸன்’ திறந்த நிலத்தில் சாலைமேலேயே வழிக்கோடு வரைந்து காட்டியது, கண்ணை மூலைக்கு இழுக்கவில்லை. அந்தத் தொடர் இத்தனை பேருக்குச் சுலபமாகப் பிடித்ததில் இதற்கும் பங்கு உண்டு.

மரியோ கார்ட் வேர்ல்டுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் அக்கா வீட்டில் ஒரு வாரம் ஆடக் கிடைத்தது. அங்கே வழி தவறும் பிரச்சினை இல்லை, பாதை குறித்தே இருக்கும். குறை வேறு. அடுத்தடுத்துப் பல பந்தயங்கள் ஓட்டுகிற கிராண்ட் பிரியில் முதல் பந்தயத்துக்குத்தான் முழுச் சுற்றுகள். அடுத்தடுத்தவற்றில் முந்தின இடத்திலிருந்து புது இடத்துக்கு ஓட்டிப்போய், அங்கே ஒரு சுற்றோடு முடிந்துவிடும். அந்த இணைப்புச் சாலைகள் அகலமானவை, பெரும்பாலும் நேரானவை. அழகாகச் செய்த பாதைக்குள் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் நுழைய முடிகிறது என்று ரசிகர்கள் வருத்தப்பட்டது நியாயம். ஆன்லைனில் ‘ரேண்டம்’ தேர்ந்தெடுத்தால் மூன்று சுற்றுப் பந்தயம் கிடைத்துக்கொண்டிருந்தது. வெளியான மாதமே வந்த அப்டேட் அந்த வழியை அடைத்ததும் அவ்வளவு கோபம் கிளம்பியதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதே சாலைகளில் ‘நாக்அவுட் டூர்’ ஆடிப் பாருங்கள். 24 பேர் ஆரம்பித்து, ஒவ்வொரு எல்லையிலும் கடைசி நான்கு பேர் வெளியேறிக்கொண்டே வருவார்கள். உலகம் திறந்தது, ஆட்டம் கறாராகக் கட்டியது. எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. இரண்டாவது நாளே, “மாமா, ரேஸ் வேண்டாம், சும்மா சுத்தலாம்” என்றான். ஏறினால் ஒரு சின்னச் சவால் ஆரம்பிக்கிற நீல பி சுவிட்சுகளைத் தேடி ஒரு மாலை முழுக்கக் கடற்கரையிலும் மலையிலும் அலைந்தோம். அவனிடம் இது ரேஸிங் ஆட்டமே இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அவனுக்கு அது வேண்டும். எனக்கும் அன்றைக்கு வேண்டியிருந்தது.

ஆகவே கேள்விக்கு என் பதில்: ஊரைத் திறந்ததில் எனக்குக் குறை இல்லை. பந்தயம் நடக்கும்போதாவது குறுக்குத் தெருக்களை அடைத்திருக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே ரீஸ்டார்ட் வைத்திருக்க வேண்டும், கிராஷ் மோடை எடுத்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்திருந்தால் இரண்டு கட்சிகளில் ஒன்று உருவாகியே இருக்காது. பாரடைஸுக்குப் பிறகு முழு அளவிலான புது பர்ன்அவுட் வரவில்லை, கிரைட்டீரியன் ஆட்களில் பெரும்பாலோர் 2023-ல் ‘பேட்டில்ஃபீல்டு’ என்ற போர் ஆட்டத் தொடரின் வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ரீமாஸ்டர்டு பதிப்பை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் பந்தயங்களை முதலில் தொடாதீர்கள். ரோடு ரேஜும் ஸ்டன்ட் ரன்னும் மட்டும் ஆடுங்கள், நடுவில் நாளுக்கு ஒரு சாலையில் நேரச் சாதனைக்கு முயற்சி செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து நகரத்துக்குள் ஏதாவது ஒரு சிக்னலில் பந்தயத்தை ஆரம்பியுங்கள். அது காற்றாலைக்குப் போகிற பந்தயமாக இருந்தால் இன்னும் நல்லது.