கத்துக்குட்டிகள் எதற்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

20 அணிகள் ஆடும் டி20 உலகக் கோப்பையை வரவேற்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. சிறிய நாடுகள் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் நடப்பதைப் பாருங்கள். 2023 ஆசிய விளையாட்டில் ஹாங்சோவில் நேபாளம் 314 ரன் அடித்தது, மங்கோலியா 41-ல் சுருண்டது. திபேந்திர சிங் ஐரி 9 பந்தில் அரைசதம் போட்டு, 2007-ல் இங்கிலாந்துக்கு எதிராக யுவராஜ் 12 பந்தில் அடித்த சாதனையைத் தாண்டிவிட்டார். இரண்டும் ஒன்றா? சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) தன் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் 2019-ல் சர்வதேச டி20 அந்தஸ்தை, அதாவது அவர்கள் ஆட்டங்களும் சாதனைப் பட்டியலில் சேரும் உரிமையை, தூக்கிக் கொடுத்ததன் விளைவு இது.

இன்னொன்று. அமெரிக்க அணி என்கிறோம், ஆடுபவர்களில் பாதிக்கு மேல் தெற்காசிய வம்சாவளியினர். இத்தாலி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது அணித் தலைவராக இருந்தவர், ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஜோ பர்ன்ஸ். இதில் அந்தந்த நாட்டின் மண் எங்கே இருக்கிறது? கென்யா அரையிறுதி வரைக்கும் வந்ததே, என்ன ஆனது? திறமை இருந்தால் தானாக மேலே வரட்டுமே. 2027-ல் 50 ஓவர் உலகக் கோப்பையையும் 14 அணிகளாக்குகிறார்கள். இந்தக் கத்துக்குட்டிகளைச் சேர்த்து யாருக்கு லாபம்?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

சாதனைப் பட்டியலில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் சூடு அங்கேதான் அதிகம்.

ஐரியின் 9 பந்தையும் யுவராஜின் 12 பந்தையும் நானும் சமமாக வைக்க மாட்டேன். எதிரணி யார் என்று பார்க்கத் தெரிந்த எவரும் வைக்க மாட்டார்கள். ஆனால் பட்டியல் 2019-ல்தான் கெட்டுப்போனது என்கிறீர்களே, அது சரியல்ல. 1889 மார்ச்சில் கேப்டவுனில் நடந்த ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா முதல் இன்னிங்ஸில் 47, இரண்டாவதில் 43. இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஜானி பிரிக்ஸ் மொத்தம் 28 ரன் கொடுத்து 15 விக்கெட் எடுத்தார். அதில் 14 பேர் போல்டு. எதிரே வந்திருந்தது இங்கிலாந்தின் முழு அணிகூட இல்லை, தனியார் ஏற்பாட்டில் கப்பலேறி வந்த ஒரு குழு. தாங்கள் ஆடுவது டெஸ்ட் என்று ஆடியவர்களுக்கே தெரியாது, பிற்பாடு உட்கார்ந்து கொடுத்த பட்டம் அது. (அந்தப் பயணத்தின் முதல் ஆட்டத்துக்குத் தலைவராக இருந்த ஆப்ரி ஸ்மித் வேறு டெஸ்ட்டே ஆடவில்லை, பிறகு ஹாலிவுட் நடிகராகிவிட்டார்.) பிரிக்ஸின் 15 விக்கெட் இன்றும் டெஸ்ட் பட்டியலில் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி யாரும் கடிதம் எழுதுவதில்லை.

நியூசிலாந்து முதல் டெஸ்ட்டை ஆடியது 1930-ல். முதல் வெற்றி 1956-ல். நடுவில் 1955-ல் ஆக்லாந்தில் இங்கிலாந்திடம் 26 ரன்னுக்கு மொத்த அணியும் அவுட். இன்றைக்கும் டெஸ்ட்டில் அதுதான் மிகக் குறைந்த ஸ்கோர். இந்தியாவுக்கே 1932-ல் தொடங்கி முதல் வெற்றிக்கு 20 ஆண்டு பிடித்தது. இவர்களுக்கெல்லாம் தோற்பதற்கு அவகாசம் கிடைத்தது. எவ்வளவு கேவலமாகத் தோற்றாலும் அடுத்த தொடர் எப்போது, யாரோடு என்பது தெரிந்திருந்தது. சிறிய நாடுகளுக்கு இல்லாதது இது ஒன்றுதான் என்பது என் கட்சி. திறமை, ரசிகர், வீரம் எல்லாம் வேண்டிய மட்டும் இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்குத் தேதி இல்லை.

கென்யாவைக் கேட்டிருக்கிறீர்கள். 1996 உலகக் கோப்பையில் புனேயில் கென்யா 166-க்கு ஆட்டமிழந்தது. ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெஸ்ட் இண்டீஸ் 93-க்கு அவுட். லாராவின் கேட்சைப் பிடித்த விக்கெட் கீப்பர் தாரிக் இக்பால், தலையில் பட்டை கட்டிக்கொண்டு கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்போடு நின்ற மனிதர். எத்தனையோ பந்துகளை நழுவவிட்டவர் அந்த ஒன்றை மட்டும் விடவில்லை. 2003 உலகக் கோப்பையில் நைரோபியில் காலின்ஸ் ஒபூயா 24 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து இலங்கையைச் சாய்த்தார். அப்புறம் வங்கதேசம், ஜிம்பாப்வே, கடைசியில் டர்பனில் இந்தியாவோடு அரையிறுதி. பாதுகாப்புக் காரணம் சொல்லி நியூசிலாந்து நைரோபிக்கு வராததால் கிடைத்த புள்ளிகளும் கைகொடுத்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு? பெரிய அணிகள் கென்யாவோடு முழுத் தொடர் ஆட வரிசையில் நிற்கவில்லை. ஆட்டம் இல்லையென்றால் ஒளிபரப்புப் பணம் இல்லை, சம்பளம் இல்லை, சம்பளம் இல்லையென்றால் வேலைநிறுத்தம். அதுவும் நடந்தது. நட்சத்திர ஆட்டக்காரரான மாரிஸ் ஒடும்பே சூதாட்டத் தரகரோடு தொடர்பு வைத்திருந்ததற்காக 2004-ல் 5 ஆண்டு தடை வாங்கினார். நிர்வாகத்தில் குளறுபடி. தேசிய அணி முழுக்க நைரோபியின் சில கிளப்புகளை, சில குடும்பங்களை நம்பியே இருந்தது: டிகோலோ சகோதரர்கள், ஒடும்பே சகோதரர்கள், ஒபூயா சகோதரர்கள், சூஜி சகோதரர்கள். அந்தத் தலைமுறை ஓய்ந்ததும் பின்னால் ஆள் இல்லை. 2014-ல் ஒருநாள் அந்தஸ்தும் போனது. பழி கென்யாவுக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதே குளறுபடியை முழு உறுப்பு நாடு (டெஸ்ட் ஆடும் உரிமை உள்ள நாடு) செய்தால் அந்தஸ்து போகாது.

‘திறமை இருந்தால் தானாக மேலே வரட்டும்’ என்கிறீர்கள். வரும் வழியைக் காட்டுகிறேன்.

2018 மார்ச், ஹராரே. 2019 உலகக் கோப்பை 10 அணிகளுக்கு மட்டும்தான் என்று சுருக்கிவிட்டதால் தகுதிச் சுற்றில் மிச்சம் இருந்தது இரண்டே இடம். ஸ்காட்லாந்து வெஸ்ட் இண்டீஸை 198-க்குள் மடக்கியது. துரத்தும்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்த ரிச்சி பெரிங்டனுக்கு எல்பிடபிள்யூ (ஸ்டம்பை நோக்கி வந்த பந்தைக் காலால் தடுத்ததாக அவுட்) கொடுத்தார்கள். பந்து லெக் ஸ்டம்பை விட்டு விலகிப் போவது மறுஒளிபரப்பில் தெரிந்தது. முறையிடலாம் என்றால் டிஆர்எஸ், அதாவது நடுவர் தீர்ப்பை மறுஒளிபரப்பு பார்த்துச் சரிபார்க்கும் முறை, கிடையாது. உலகக் கோப்பைக்கு உண்டு, அங்கே போவதைத் தீர்மானிக்கும் போட்டிக்கு இல்லை. செலவாகுமாம். கொஞ்ச நேரத்தில் மழை வந்தது. மழையால் நின்ற ஆட்டத்துக்கு, மிச்ச ஓவரையும் விழுந்த விக்கெட்டையும் வைத்து இலக்கை மாற்றும் டக்வொர்த் லூயிஸ் கணக்கில் ஸ்காட்லாந்து 5 ரன்னில் தோற்றது. ஒரு விக்கெட் குறைவாக விழுந்திருந்தால் கணக்கே வேறு.

ஜூன் மாதம் எடின்பரோவில் அதே ஸ்காட்லாந்து 371 ரன் அடித்தது. கலம் மெக்லாட் மட்டும் 140 நாட் அவுட். எதிரணி, அப்போது ஒருநாள் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இங்கிலாந்து. இங்கிலாந்து 6 ரன்னில் தோற்றது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையைத் தூக்கியதும் அந்த இங்கிலாந்துதான். தூக்கிய தலைவர் ஓயின் மார்கன் டப்ளின்காரர், அயர்லாந்துக்கு ஆடிவிட்டுப் போனவர். அந்தப் போட்டியில் ஸ்காட்லாந்தும் இல்லை, அயர்லாந்தும் இல்லை. ஓர் அசோசியேட் (முழு உறுப்பினர் அல்லாத) நாட்டில் இருந்து முழு உறுப்பு நாட்டுக்கு மாறக் காத்திருக்க வேண்டியதில்லை, திரும்பி வருவதென்றால்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு விதி இருந்தது. எட் ஜாய்ஸ் போனார், மார்கன் போனார், பாய்ட் ராங்கின் போனார். வளர்த்தது ஒரு வீடு, அறுவடை இன்னொரு வீட்டுக்கு.

பெண்கள் ஆட்டத்தில் நடந்தது இதைவிட மோசம். 2021-ல் மறுபடி ஹராரேயில் 50 ஓவர் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. தாய்லாந்து அணி வங்கதேசத்தை வென்றிருந்தது. ஒமிக்ரான் பரவல் காரணமாகப் போட்டி பாதியில் ரத்தாகி, தரவரிசைப்படி இடம் கொடுக்கப்பட்டது. தாய்லாந்துக்கு ஒருநாள் அந்தஸ்து இல்லை. அந்தஸ்து இல்லாததால் தரவரிசை இல்லை, தரவரிசை இல்லாததால் இடம் இல்லை. அவர்களிடம் தோற்ற வங்கதேசம் உலகக் கோப்பைக்குப் போனது. அடுத்த ஆண்டு ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானை வீழ்த்தி தாய்லாந்து அரையிறுதிக்கு வந்தது. இதற்குமேல் தானாக மேலே வர ஒரு அணி என்ன செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது அலுக்க அலுக்கப் பேசிய விஷயம். 2024 முதல் 2027 வரை ஐசிசி ஆண்டுதோறும் பிரித்துக் கொடுப்பது சுமார் 60 கோடி டாலர். இந்தியாவுக்கு மட்டும் 38.5 சதவீதம். 12 முழு உறுப்பினர்களுக்கும் சேர்த்து 88.81. மிச்சமுள்ள 90-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு எல்லாம் சேர்த்து 11.19. நெதர்லாந்தின் வேகப்பந்து வீச்சாளர் பால் வான் மீகெரென் 2020 நவம்பரில், குளிர்காலத்தை ஓட்ட உபேர் ஈட்ஸில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பதாக வெளிப்படையாக எழுதினார். தொற்றுக்காலத்தால் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கு டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்திருக்கும். அவரேதான் 2023-ல் தரம்சாலாவில் தென்னாப்பிரிக்காவின் மார்க்ரமை போல்டு ஆக்கி நெதர்லாந்தின் வெற்றியில் பங்கு வகித்தார். அந்தஸ்து வந்துவிட்டாலும் கஷ்டம் தீராது. 2017-ல் முழு உறுப்பினரான அயர்லாந்து, நிரந்தர ஸ்டேடியம் இல்லாமல் தற்காலிக இருக்கைகளை வாடகைக்கு எடுத்து ஆடுகிறது. கட்டுப்படியாகாமல் ஆஸ்திரேலியத் தொடரையே கைவிட்டிருக்கிறார்கள்.

அடுத்து மண் பற்றிய உங்கள் கேள்வி. இதில் உங்கள் கவலை எனக்கும் உண்டு. பாட்டி வழிக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அணி கட்டுவது எளிது, பள்ளியில் ஆட்டத்தைக் கொண்டுபோவது கடினம். ஒரு வாரியம் முன்னதை மட்டுமே செய்து, ஒரு நாள் முகாமில் மட்டையைத் தொட்ட பிள்ளைகளை எல்லாம் ‘ஆட்டக்காரர்கள்’ என்று கணக்குக் காட்டினால் எனக்கும் எரிச்சல்தான். அதற்காக வெளியில் இருந்து வந்தவர் கொண்டுவந்த ஆட்டம் வேர் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லா நாட்டுக்கும் கிரிக்கெட்டை யாரோ ஒருவர் கப்பலில் கொண்டுவந்ததுதானே.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு உகாண்டாவிலும் கென்யாவிலும் அகதிகளாக வளர்ந்தவர்கள் நாடு திரும்பினார்கள். கிரிக்கெட் அவர்களோடு வந்தது. ஆடக் கிடைத்த ஒரே திடல் கிகாலியில் கிச்சுகிரோ பள்ளி வளாகம். ஐ.நா. படையை நம்பி ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்து, படை கிளம்பிப்போன பின் கைவிடப்பட்டுக் கொல்லப்பட்டார்களே, அதே இடம். சொந்த மைதானத்துக்கு நிதி திரட்ட, 2016-ல் தேசிய அணித் தலைவர் எரிக் டுசிங்கிசிமானா வலைக்குள் 51 மணி நேரம் மட்டை பிடித்து கின்னஸ் சாதனை செய்தார். யார் யாரோ வந்து பந்து போட்டார்கள், அவர் அடித்துக்கொண்டே இருந்தார். 2017-ல் கஹாங்கா மைதானம் திறக்கப்பட்டது. 2023-ல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையில் ருவாண்டா பெண்கள் வெஸ்ட் இண்டீஸைத் தோற்கடித்தார்கள். இவர்கள் புலம்பெயர்ந்தோர் அணி அல்ல, அந்த ஊர்ப் பிள்ளைகள்.

பாப்புவா நியூ கினியில் போர்ட் மோர்ஸ்பி பக்கம் ஹனுவபாடா என்று ஒரு கிராமம், கடல்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள். தேசிய அணிக்கு ஆடியவர்களில் பெரும்பகுதி அங்கே தெருவில் ஆடி வளர்ந்தவர்கள். தாய்லாந்துப் பெண்களில் பலர் சாஃப்ட்பாலில் இருந்து வந்தவர்கள். எல்லா நாடும் அமெரிக்கா போலவோ இத்தாலி போலவோ இல்லை.

நீங்கள் குறை சொன்ன அதே நேபாளம், ஹாங்சோவுக்கு இரண்டே ஆண்டு கழித்து 2025 செப்டம்பரில் ஷார்ஜாவில் வெஸ்ட் இண்டீஸை 83-ல் சுருட்டி டி20 தொடரையே வென்றது. பெரிய அணியோடு மூன்று ஆட்டம் கொண்ட தொடர் ஒன்று அமைந்தது, வென்றார்கள், அவ்வளவுதான்.

14 அணிகள் பற்றிக் கடைசியாக ஒன்று. 2027 உலகக் கோப்பையை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. நடத்துபவர்கள் என்ற முறையில் முதல் இரண்டுக்கும் நேரடி இடம் உண்டு. 2025 அக்டோபரில் வின்ட்ஹுக்கில் புது மைதானத்தின் முதல் சர்வதேச ஆட்டத்தில், கடைசிப் பந்தில் தென்னாப்பிரிக்காவையே தோற்கடித்தது நமீபியா. ஆனால் முழு உறுப்பினர் இல்லை என்பதால் அதற்கு நேரடி இடம் கிடையாது. தன் ஊரில் நடக்கிற உலகக் கோப்பையில் ஆட, நமீபியா தகுதிச் சுற்றில் ஜெயித்தாக வேண்டும். டிஆர்எஸ் வைப்பார்களா என்று பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்