பம்பிங் 60 சதவீதம் இருந்தும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், நார்மல் என்று வந்திருக்கிறது. பிரஷர் மட்டும் 172/68. "இதயம்தான் நல்லா இருக்கே, இந்த வயசுல பிரஷர் மாத்திரை எதுக்கு?" என்கிறார். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரை கட்டாயம் வேண்டும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பம்பிங் 60 என்றால், இதயத்தின் கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் 60 சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிறது, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து அதைத் தள்ளுகிறது என்பது அந்த எண்ணில் இல்லை. இளம் வயதில் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) ரப்பர் போல விரிந்து கொடுக்கும், பிறகு சுருங்கி மிச்ச ரத்தத்தை முன்னே அனுப்பும். வயதும் பல வருட பிரஷரும் அதை இறுக்கிவிட்டால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். அப்பாவுக்கு இரண்டுக்கும் இடைவெளி 104. வயதானவர்களுக்கு இந்த இடைவெளி 60 வந்தாலே கவனிக்க வேண்டும். இந்தச் சுமையை வருடக்கணக்கில் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்துப்போகும், தடித்த சுவர் சரியாகத் தளராது, ரத்தம் நிரம்ப இடம் கொடுக்காது, அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகும்போதுதான் படியேறினால் மூச்சு வாங்கும். இப்படி இதயம் ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம், இதயம் நின்றுவிடுவதை அல்ல. அது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பம்பிங் நார்மலாகவே இருக்கிறது. அப்பாவுக்கும் அதுதானா என்பதை டாக்டர்தான் உறுதிசெய்ய வேண்டும் (ரத்தசோகை, நுரையீரல் கோளாறு எல்லாம்கூட மூச்சு வாங்க வைக்கும்).

"இந்த வயசுல எதுக்கு" என்பதற்கு ஹைவெட் ஆய்வே பதில். 80 வயதும் அதற்கு மேலும் ஆன, மேல் எண் 160-ஐத் தாண்டிய 3,845 பேரை வைத்துச் செய்தது, முடிவு 2008-ல் வந்தது. இன்டாபமைடு என்ற பிரஷர் மாத்திரை, தேவைப்பட்டால் கூடவே பெரிண்டோபிரில் என்ற இன்னொன்றும் கொடுத்து 150/80-ஐ இலக்காக வைத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது, இறப்பும் 21 சதவீதம் குறைந்தது. அப்பாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் பிரஷரை அவசரமாக இறக்கக் கூடாது. கீழ் எண் ஏற்கெனவே 68, இதயத்தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் போகிறது, அந்த நேரத்து அழுத்தம்தான் கீழ் எண். அதனால் உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை பிரஷர் பார்த்துக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டுவலி மாத்திரை தானாக வாங்கிப் போடுகிறாரா என்றும் கேளுங்கள், அதில் பல பிரஷரை ஏற்றும், உடம்பில் நீர் சேர்க்கும். படுத்தால் மூச்சு முட்டினாலோ கால் வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.