கேளுங்கள் அத்தை: மாமியாரும் பந்து பார்க்க வருகிறார்

கேள்வி: அத்தை, அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு குடும்பத்தோடு கோலாலம்பூர் போகிறோம். சனி இரவு புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா கால்பந்து ஆடுகிறது. "நானும் பையனும் ஆட்டத்துக்குப் போறோம், நீங்க பொம்பளைங்க மால் சுத்துங்க" என்கிறார் கணவர். எழுபது வயது மாமியாரோ, "நானும் பந்து பார்க்க வரேன்" என்று ஒரே பிடிவாதம். மகளுக்கு இரட்டைக் கோபுரம், எனக்குப் பத்துமலை. எதை விடுவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஷாப்பிங் மாலை விடுங்கள் அம்மா. அது ஈப்போவிலேயே இருக்கிறது. மாமியாரை விட்டுவிடாதீர்கள்.

எழுபது வயது என்றால் அவர் ரப்பர் தோட்டத்துத் திடல் ஓரத்தில் வளர்ந்தவர். எங்கள் தோட்டத்தில் ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் என்றால் லய வீடுகளில் ஒரு அடுப்பு எரியாது. கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் பெண்கள் உட்காருவோம். மடியில் கச்சாங் (கடலை) பொட்டலம், பக்கத்தில் பிள்ளை, வாயில் நடுவருக்கு வசவு. ஆஃப்சைட் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது பால் மரம் வெட்டிய என் பெரியம்மா. "ஸ்பைடர்மேன்" ஆறுமுகம் கோல் காத்த காலத்தைப் பற்றி உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் மாஸ்கோ போகாமல் விட்ட கதையும் வரும். ரயில் பயணம் முழுக்க உங்களுக்குப் பொழுது போய்விடும், பையன் கைப்பேசியையும் கீழே வைப்பான்.

அதனால் ஆட்டத்துக்கு எல்லாருமே போங்கள். மீதியை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை சுங்கை சிப்புட்டிலேயே இ.டி.எஸ். ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றைக்கே எடுங்கள். இறங்கியதும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, பைகளை ஹோட்டலில் போட்டுவிட்டு கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயில் பிடித்தால் நேரே இரட்டைக் கோபுரம் நிற்கும் கே.எல்.சி.சி. 41, 42ஆவது மாடியில் இருக்கும் வான்பாலத்துக்கு ஏற வேண்டுமானால் முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் வாங்க வேண்டும், விலையும் கொஞ்சம் கடிக்கும். என்னைக் கேட்டால் பூங்காவில் நின்று அண்ணாந்து பார்ப்பதே போதும். 452 மீட்டர் கோபுரம் கீழிருந்து பார்த்தால்தான் கோபுரமாகத் தெரியும்.

ஐந்தரைக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி ரயில் மாற வேண்டும். இங்கேதான் கவனம்: ஒரே தண்டவாளத்தில் அம்பாங் ரயிலும் வரும், புத்ரா ஹைட்ஸ் ரயிலும் வரும். நீங்கள் ஏற வேண்டியது புத்ரா ஹைட்ஸ். டச் என் கோ அட்டை ஆளுக்கு ஒன்று, பணமும் போட்டு வைத்திருங்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் நெரிக்கும்போது இயந்திரத்தின் முன்னால் நின்று சில்லறை தேட முடியாது.

அரங்கம் புக்கிட் ஜாலில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது, 85,000 பேருக்கு மேல் கொள்ளும். மாமியாருக்குக் கீழ் அடுக்கில், நடைபாதை ஓரத்து இருக்கையாகப் பாருங்கள். கழிவறைக்கு எழுந்து போக வசதி. எல்லாருக்கும் மஞ்சள் சட்டை, மாமியாருக்கும்தான். 2010இல் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்து ஆசியான் கிண்ணத்துக்கு வழி போட்டது இதே திடலில்தான், பயிற்சியாளர் நம்ம கே. ராஜகோபால். பையனிடம் சொல்லிவையுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரொனால்டோவைத்தான் தெரிகிறது.

பத்துமலை ஞாயிறு காலை. கே.எல். சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறினால் கோயில் வாசலிலேயே இறக்கிவிடும். 272 படி மாமியாரின் முழங்காலுக்கு வேண்டாம். கீழேயே முருகன் சிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் தோசை சாப்பிடட்டும், நீங்கள் ஏறி இறங்குங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குக்கு அதுதான் குறி.

கேள்வி: அத்தை, நாங்களும் அதே ஆட்டத்துக்குப் போகிறோம். செலவை மிச்சப்படுத்த ரவாங்கில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் தங்கலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: ஆட்டம் முடியவே பதினொன்று ஆகும். அப்புறம் ரயில், மாமாக் கடையில் தே தாரிக், யார் கோலை விட்டார் என்ற சண்டை. நீங்கள் போய்க் கதவைத் தட்டும்போது மணி இரண்டு. பாவம், சித்தி சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேண்டாம், ஓர் இரவு ஹோட்டலில் படுங்கள். சித்தப்பா வீட்டுக்கு ஞாயிறு மத்தியானம் போங்கள், பீடோர் கொய்யா நாலு கிலோவோடு. முதல் நாளே போன் செய்துவிடுங்கள், கோழி வாங்க அவர்களுக்கும் நேரம் வேண்டும் இல்லையா?