சோதனை விபரீதமாகிற திகில் படத்தைக் குறைந்த செலவில் எடுக்க முடியுமா?

முடியும். நீலகிரி மலையில் இருக்கும் கேத்தியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 22 நிமிடப் படம் ஒன்றை 18,000 ரூபாயில் எடுத்தோம். அதில் 6,000 ரூபாய் தண்டச் செலவு.

கதை சின்னது. டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கம் உறைபனி விழுந்தால், வெயில் ஏறும் நேரத்தில் உருளைக்கிழங்குச் செடி தீய்ந்தது மாதிரி கறுத்துத் தொங்கும். பனிக்குச் சாகாத கிழங்கை உண்டாக்குகிறேன் என்று ஒருவர் பழைய குடோனில் உட்கார்ந்து மருந்து கலக்குகிறார். கிழங்கு அப்புறம் எதற்குமே சாகமாட்டேன் என்கிறது.

அந்த மருந்துதான் எங்களுக்குக் கிடைத்த லாட்டரி. டானிக் வாட்டர் என்று கடையில் விற்கும் சாதாரண கசப்புச் சோடா பாட்டிலை இருட்டில் வைத்து, கடைக்காரர்கள் கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் தண்ணீர் நீலமாக ஒளிரும். அதிலுள்ள கொய்னா என்ற மலேரியா மருந்து செய்யும் வேலை. அந்தக் காலத்தில் நடுவட்டத்தில் சிங்கோனா பட்டையிலிருந்து எடுத்தார்களே, அதே கொய்னா. வேறு விளக்கு எதுவும் எரியக் கூடாது, டார்ச்சை யாரும் நேராகப் பார்க்கவும் கூடாது. அவ்வளவுதான்.

தண்டச் செலவு என்றது பூத வேஷம். கோயம்புத்தூரிலிருந்து ரப்பர் முகமூடி, சாக்கு உடுப்பு எல்லாம் வாங்கி வந்தோம். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் படம் ஓடியபோது அது திரையில் வந்ததுமே, "டேய், நடையைப் பாரு, நம்ம பால்காரர் பையன்!" என்று ஒரு குரல். கூடமே சிரித்தது.

பயந்தது வேறொரு இடத்தில். ஒரு மூட்டை கிழங்கை இரண்டு மாதம் இருட்டறையில் போட்டு வைத்திருந்தோம். முளைகள் பச்சையே இல்லாமல், வெளுத்த விரல்கள் மாதிரி சாக்கின் பின்னலுக்குள் நுழைந்து, கதவிடுக்கு வெளிச்சத்தைப் பார்த்து நீண்டிருந்தன. ஆராய்ச்சியாளர் சாக்கைப் பிரிக்கும்போது அவை 'படக் படக்'கென்று ஒடிகிற சத்தத்தை மட்டும் பெரிதாக வைத்தோம். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள். கிராபிக்ஸ் ஒரு பைசாவுக்கு இல்லை.

மலையில் எடுப்பதானால் இரண்டு விஷயம். வெளிக்குளிரிலிருந்து கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவே சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும், அது சினிமா இல்லை.

படம் முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். காலமெல்லாம் கிழங்குக் காட்டில் வேலை செய்தவர். "இவ்வளவு நீளம் விட்டா விதைக்கு ஆகாதுடா, எல்லாம் ஒடிஞ்சு போகும். மிச்சம் எங்கே வச்சிருக்கீங்க?" என்று திட்டிக்கொண்டே குடோன் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.