பம்பிங் ஏறியது யாரால்?

அன்புள்ள சார்,

என் தம்பிக்கு வயது 24. நான்கு மாதத்துக்கு முன் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவன், பத்தாம் நாள் மூச்சு வாங்கி ஐசியுவில் கிடந்தான். வைரஸ் இதயத்தசையைத் தாக்கிவிட்டது, மயோகார்டைட்டிஸ் என்றார்கள். அப்போது பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 28 சதவீதம், இப்போது 41. எம்ஆர்ஐயில் தழும்பு தெரிகிறதாம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் தழும்பு மறைந்து புதுத் தசை வளரும் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். அங்கே போட்டுக்கொண்ட மூன்று பேரிடம் போனில் பேசினேன். மூன்று பேருக்கும் பம்பிங் ஏறியிருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பே நீங்கள் இதை வரவேற்றுக் கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். செய்யலாமா? எல்லா மருத்துவமனைக்கும் இது எப்போது வரும்? மருந்துக் கம்பெனிகள் தடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? தம்பி தெம்பாக இருக்கிறான். போன வாரத்திலிருந்து ஜிம்முக்குப் போகிறான். நல்ல அறிகுறிதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல அறிகுறி இல்லை. தம்பியின் ஜிம் பையை இன்றே எடுத்து உள்ளே வையுங்கள். நான்கு மாதம் முன்பு ஐசியுவில் கிடந்த பையன் பளு தூக்கப் போகிறான், மூத்தவர் நீங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவனுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள். இந்த நோயை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்றான காக்ஸாக்கி வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்தவிட்டு 1970லேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். சும்மா இருந்த எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது, செத்தவையும் அதிகம். இந்த நோய் வந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி செய்யக் கூடாது என்பது பொதுவான விதி. அதற்குப் பிறகும் எக்கோ, ஹோல்ட்டர் (நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் கருவி), டிரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்து டாக்டர் சரி என்றால்தான். தழும்பைச் சுற்றி மின்னோட்டம் தடம் மாறி ஓடினால் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். தெம்பாக இருப்பவனுக்கும் அது வரும்.

மருந்துக் கம்பெனி சதியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதில் பேச ஒன்றும் இல்லை.

இனி அந்தக் கட்டுரை. பழைய கட்டுரைகளைத் தொகுக்கலாம் என்று போன மாதம் கோப்புகளைத் திறந்தபோது அது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. உங்கள் கடிதம் வந்திருக்காவிட்டாலும் இதை எழுதியிருப்பேன்.

2001இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கி, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்களை, அவற்றின் இதயத்தில் செலுத்தினார்கள். ஒன்பதே நாளில், செத்துப்போன பகுதியின் 68 சதவீதத்தைப் புதுத் தசை பிடித்துவிட்டது என்றார்கள். பிறக்கும்போது கிடைத்த தசையை வைத்துக்கொண்டுதான் இதயம் சாகும்வரை ஓட வேண்டும் என்று படித்து வளர்ந்தவன் நான். தூக்கம் வரவில்லை. விடிவதற்குள் எழுதி முடித்தேன்.

2004இல் அதே இதழில் இரண்டு குழுக்கள், தனித்தனியாகச் செய்து பார்த்துவிட்டு, மஜ்ஜை செல்கள் இதயத்தசையாக மாறவில்லை என்று எழுதின. அதை நான் படிக்கவில்லை. நல்ல செய்தியைத் தேடித் தேடிப் படித்தேன், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தேடவில்லை.

2006இல் என் அக்காவின் கணவருக்கு உங்கள் தம்பிக்கு வந்ததேதான் வந்தது. காய்ச்சல், மூச்சிரைப்பு, பம்பிங் 25. எக்கோ எடுத்தபோது நானும் அந்த அறையில் நின்றிருந்தேன். திரையில் வால்வு மட்டும் படபடவென்று திறந்து மூடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் சுவர், உள்ளே வந்து சுருங்க வேண்டிய சுவர், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல லேசாக அசைந்துவிட்டு நின்றுவிடுகிறது. அத்தான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். “அசையவே மாட்டேங்குதே மாப்ளே” என்றார்.

அக்கா என் கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்தாள். “எழுதுனவன் நீதானே, எங்க செய்றாங்கன்னு விசாரி” என்றாள். விசாரித்தேன். ஓரிடத்தில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, ஏதோ செய்து, டிரிப்ஸில் திரும்ப ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் பம்பிங் 38. நான் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். புதுத் தசை வந்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று அத்தான் ஒவ்வொன்றாக நிறுத்தினார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அடுத்த வருடமே போய்விட்டார்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் விரிந்து பலவீனமாகி, மருந்தால் தேறியவர்கள் 51 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் மருந்தை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதைப் படித்த அன்று அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

நீங்கள் அந்த மூன்று பேரை நம்புகிறீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பம்பிங் ஏறியிருக்கும். ஏற்றியது யார் என்பதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் தம்பிக்கு 28 எப்படி 41 ஆயிற்று? எந்த ஊசி போட்டீர்கள்? நான்கு மாதம் முன்பு அந்த மையத்துக்குப் போயிருந்தால் இந்த 13 புள்ளியும் ஊசியின் கணக்கில் ஏறியிருக்கும். அந்த மூன்று பேரோடு நீங்களே நான்காவது ஆளாகி, அடுத்து வருகிற ஓர் அண்ணனுக்கு உறுதி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வைரஸால் வரும் இந்த நோயின் இயல்பே அப்படி. வைரஸ் செல்லுக்குள் நுழைந்து தன் நொதியை விடுகிறது. காக்ஸாக்கி வைரஸின் நொதி ஒன்று டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை வெட்டுகிறது. தசைச் செல்லின் உள்கட்டமைப்பையும் வெளிச்சவ்வையும் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் அது. பிறகு உடம்பின் எதிர்ப்புப் படை வந்து, வைரஸ் புகுந்த செல்லையும் பக்கத்தில் நிற்கும் செல்லையும் சேர்த்து அடிக்கிறது. சில செல்கள் சாகின்றன, அந்த இடம் தழும்பாகிறது. நிறைய செல்கள் சாகவில்லை, வீங்கி மயங்கிக் கிடக்கின்றன. வீக்கம் வடிந்தால் அவை எழுந்து வேலையைத் தொடங்குகின்றன. ஏறுகிற பம்பிங்கில் பெரும்பகுதி அதுதான்.

1995இல் வெளியான மயோகார்டைட்டிஸ் சிகிச்சை ஆய்வில் 111 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் வழக்கமான சிகிச்சையும், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 வாரத்தில் சராசரி பம்பிங் 25லிருந்து 34 ஆனது. இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அந்த மருந்து வாங்காதவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் இல்லாமல் மருந்து கொடுத்த பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால், அந்த மருந்தை இன்றைக்கும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மையத்தில் போய் இதைக் கேளுங்கள்: ஊசி போடாதவர்களுக்கு எவ்வளவு ஏறியது? அவர்களிடம் அந்த எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று பேர் இல்லை, முந்நூறு பேரின் போன் நம்பர் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்வெர்சா விஷயம் எப்படி முடிந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். புனைந்த அல்லது திருத்திய தரவுகள் இருப்பதாகச் சொல்லி, அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018இல் அவர் பணியாற்றிய ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையும் இதழ்களைக் கேட்டுக்கொண்டன. இதயத்தசை கொஞ்சம் புதுப்பித்துக்கொள்கிறது என்பது மட்டும் உண்மை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் 14ஐ வைத்து ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2009இல் அளந்து சொன்னது: 25 வயதில் வருடத்துக்கு ஒரு சதவீதம், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. உங்கள் தம்பியின் வயதில் ஒரு சதவீதம். தழும்பை நிரப்ப அது போதாது.

எப்போது வரும் என்று கேட்டிருந்தீர்கள். என்னால் வருடம் சொல்ல முடியாது, ஒருமுறை அவசரப்பட்டது போதும். ஜப்பானிய விஞ்ஞானி யாமானாகா காட்டிய வழியில் முதிர்ந்த செல்லைக் குருத்து (ஸ்டெம் செல்) நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து இதயத்தசையை உண்டாக்கி, மெல்லிய தாளாக வளர்த்து 2020இல் ஒசாகாவில் ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் வைத்தார்கள். ஜெர்மனியில் தசை ஒட்டு வைத்துப் பார்க்கிறார்கள். குரங்குகளுக்குச் செல்லைச் செலுத்தியபோது துடிப்பு தடுமாறியதும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

அந்தச் செல்கள் துடிக்கும் வீடியோவைக் கிடைத்தால் பாருங்கள். வட்டக் கண்ணாடித் தட்டில், கஞ்சி ஆடை மாதிரி ஒரு படலம். உடம்பு இல்லை, நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. இங்கே ஒரு திட்டு துடிக்கிறது, அங்கே ஒரு திட்டு வேறு தாளத்தில் துடிக்கிறது. இரண்டும் வளர்ந்து தொட்டுக்கொண்டதும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் இப்படிப்பட்ட செல்களில் காக்ஸாக்கி வைரஸை விட்டார்கள். தாளம் தடுமாறியது, பிறகு நின்றது. இன்டர்ஃபெரான் முதலான மருந்துகளை அந்தத் தட்டிலேயே சோதித்தார்கள். கொரோனா காலத்தில் அந்த வைரஸை விட்டு அதே வழியில் பார்த்தபோது, செல்லுக்குள் இருந்த தசைநார்கள் ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கினது போலக் கிடந்தன. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்தே அப்படி ஒரு தட்டுச் செல்லை வளர்க்க முடியும். எந்த வைரஸ் எப்படி வெட்டுகிறது, எந்த மருந்து தடுக்கிறது என்று அவருடைய நெஞ்சைத் தொடாமலே பார்க்கலாம். ஸ்டெம் செல்லால் இந்த நோய்க்கு இப்போது கிடைத்திருக்கும் நிஜமான பயன் இதுதான். அந்த மையத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா?

பழைய கட்டுரையை நீக்கப் போவதில்லை. 2004இல் வந்ததையும் 2018இல் வந்ததையும் அதன் கீழே சேர்க்கிறேன். அத்தானைப் பற்றியும் எழுத வேண்டும், அதற்கு அக்காவிடம் கேட்க வேண்டும்.

தம்பி மாத்திரையைச் சரியாக எடுக்கிறானா என்று நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள். அடுத்த எக்கோ எடுத்ததும் எழுதுங்கள்.