வாசகர் கேள்வி பதில்: மரியோவை ஐந்து நிமிடத்தில் முடிப்பவர்கள்

பழைய வீடியோ கேம்களை மிகக் குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும் ‘ஸ்பீட்ரன்’ பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அஸ்தம்பட்டி வாசகி ஒருவர்: கல்லூரியில் படிக்கும் என் மகன் மாலை முழுவதும் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடுகிறான். சுவருக்குள் புகுந்து போகிறான், பாதிக்கு மேற்பட்ட லெவல்களை ஆடாமலே விட்டுவிடுகிறான். இது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை, அம்மா. 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட அந்த ஆட்டத்தின் நிரலில் ஓர் எழுத்தைக்கூட உங்கள் மகன் மாற்றவில்லை. கன்ட்ரோலரில் உள்ள பொத்தான்களை அழுத்துவது மட்டுமே அவர் செய்கிற காரியம். அதற்கு ஆட்டம் எப்படி நடந்துகொள்கிறதோ, அதை அவர் பயன்படுத்துகிறார். நிரலை எழுதியவர்கள் எதிர்பாராத அத்தகைய விளைவுகளைத்தான் ‘கிளிட்ச்’ என்கிறார்கள்.

இந்தத் துறையில் விதிகள் மிகக் கண்டிப்பானவை. அசல் கன்ட்ரோலரின் திசைப் பொத்தானில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த இயலாது. கணினி விசைப்பலகையில் அது எளிது, அதனால் ஆட்டத்தில் ஆதாயமும் கிடைக்கும். ஆகவே அது தடை செய்யப்பட்டிருக்கிறது. கிளிட்ச் பிடிக்காதவர்களுக்கும், எல்லா லெவல்களையும் ஆட விரும்புபவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவில் ஆடுகிறோம் என்பதை முன்னரே அறிவித்துவிட்டு ஆடுவதால், யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. வெவ்வேறு ஓட்டங்களின் வீடியோத் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரே ஓட்டம் போலக் காட்டுவதுதான் இங்கு ஏமாற்று. அது கண்டுபிடிக்கப்பட்டால் சாதனை நீக்கப்படும்.

ஏற்காடு வாசகர்: இங்கிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையும் இருக்கிறது, குப்பனூர் வழியும் இருக்கிறது. ஆட்டத்திலும் அப்படி வழி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். வேகமாக ஓடினால் போதாதா, திட்டமிட என்ன இருக்கிறது?

உங்கள் உவமை பொருத்தமானது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் போக வேண்டியவருக்குக் குப்பனூர் வழி நல்லது, அஸ்தம்பட்டிக்குப் போக வேண்டியவருக்கு வளைவுச் சாலை நல்லது; எங்கே சேர வேண்டும் என்பதை வைத்தே வழி அமைகிறது. ஆட்டத்தில் வழியைத் தீர்மானிப்பது அதன் நிரல்.

மரியோவில் எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்காக மொத்தம் 32 லெவல்கள். 1-2 என்றால் முதல் உலகத்தின் இரண்டாம் லெவல். 1-2-இல் மறைந்திருக்கும் குழாய் நான்காம் உலகத்துக்கும், 4-2-இல் மறைந்திருக்கும் குழாய் எட்டாம் உலகத்துக்கும் கொண்டு செல்வதால், எட்டே லெவல்களில் ஆட்டத்தை முடித்துவிடலாம். இது சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. இதற்கு அப்பால்தான் உண்மையான திட்டமிடல் தொடங்குகிறது.

ஆட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பிரேம். ஒரு லெவல் முடிந்ததும் அடுத்த லெவலுக்குப் போகலாமா என்பதை ஆட்டம் ஒவ்வொரு பிரேமிலும் பார்ப்பதில்லை; 21 பிரேம்களுக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ 0.35 வினாடிக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. ஆகவே ஒரு லெவலில் நீங்கள் முன்னைவிடப் பத்து பிரேம் வேகமாக ஓடியும் முந்தைய சோதனை நேரத்தைப் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பத்தும் வீண். நின்று காத்திருந்துதான் அடுத்த லெவலுக்குப் போவீர்கள். இதைப் ‘பிரேம் ரூல்’ என்கிறார்கள். இதை அறிந்தவர் எங்கே உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், எங்கே நிதானமாகத் தாண்டினாலும் ஒன்றும் குறையாது என்று லெவல் லெவலாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்வார். கடைசி லெவலான 8-4-க்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஆட்டத்தின் முடிவில் இருக்கும் கோடரியை மரியோ தொட்ட கணமே நேரம் நின்றுவிடுவதால், ஒவ்வொரு பிரேமும் கணக்கில் வரும்.

4-2-இல் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனெனில் நான் அறிந்த கிளிட்ச்களில் இதுவே மிக அழகானது. எட்டாம் உலகத்துக்குச் செல்லும் பகுதியை அடைய, முறைப்படி ஒரு கொடியை முளைக்க வைத்து, அது வளரும்வரை காத்திருந்து, ஏறிப் போக வேண்டும். அதற்குப் பல வினாடிகள் ஆகும். அதே லெவலில் சற்றுத் தள்ளி, காசுகள் நிறைந்த அறைக்குச் செல்லும் குழாய் ஒன்று இருக்கிறது. கொடி எங்கே சேர்க்கும், குழாய் எங்கே சேர்க்கும் என்பதை ஆட்டம் தனித்தனியாக நினைவில் வைத்திருப்பதில்லை. சேருமிடத்தை ஒரே நினைவகத்தில் எழுதிவைத்து, திரை முன்னே நகர நகர அதை மாற்றிக்கொள்கிறது. வழக்கமாக மரியோ திரையின் நடுப்பகுதியைத் தாண்டுவதில்லை. ஆனால் சில இடங்களில் கற்களில் பக்குவமாக மோதினால், திரை நகராமலே அவர் சில பிக்சல்கள் முன்னே தள்ளப்படுகிறார். அப்படித் தள்ளப்பட்டவர், திரை போதுமான அளவு நகர்ந்து சேருமிடம் மாறுவதற்கு முன்பே குழாய்க்குள் இறங்கிவிடுகிறார். நினைவகத்தில் இன்னும் கொடியின் சேருமிடமே எழுதியிருக்கிறது. எனவே அந்தக் குழாய் அவரை எட்டாம் உலகத்தின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. மோதுவதில் கொஞ்சம் நேரம் இழக்கிறோம், கொடி ஏறும் நேரம் முழுவதும் மிச்சமாகிறது. இழப்பதையும் பெறுவதையும் இப்படி எடைபோடுவதுதான் ரூட் அமைக்கும் கலை.

இவ்வாறு பல ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து செதுக்கிய ரூட்டில்தான், 2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி என்ற புனைபெயர் கொண்ட ஆட்டக்காரர் 4 நிமிடம் 55 வினாடிக்குள் முதன்முதலாக முடித்தார்.

மற்ற ஆட்டங்களிலும் ஒரே ஒரு கண்டுபிடிப்பு ரூட்டையே புரட்டிப் போட்டதுண்டு. 1996-இல் வந்த ‘சூப்பர் மரியோ 64’ ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்குப் போக 70 நட்சத்திரங்கள் சேர்க்க வேண்டும். ஆனால் அதன் நிரல், மரியோ முன்னோக்கிப் பாயும் வேகத்துக்கு வரம்பு வைத்துவிட்டுப் பின்னோக்கிய வேகத்துக்கு வைக்கத் தவறியது. படிக்கட்டுகளில் முதுகைக் காட்டித் தொடர்ந்து தாவினால் வேகம் ஏறிக்கொண்டே போய், பூட்டிய கதவுகளையும் முடிவில்லாத படிக்கட்டையும் ஊடுருவிப் போக முடிகிறது. இன்று ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல் அதை முடிக்கிறார்கள். 1997-இல் ஜப்பானில் வந்த திருத்திய பதிப்பில் இந்த வழி அடைக்கப்பட்டது. ஆகவே எந்தப் பதிப்பில் ஆடுவது என்பதும் ரூட்டின் ஒரு பகுதியே.

ஆத்தூர் வாசகர்: கணினியே ஆடும் ஸ்பீட்ரன் உண்டாமே?

கணினி தானாக ஆடுவதில்லை. ஒரு மனிதர் பிரேம் பிரேமாக நிறுத்தி, எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று எழுதி வைக்கிறார். கருவி அதை வரிசையாக அழுத்துகிறது. இது ‘டாஸ்’ (TAS, கருவியின் உதவியோடு ஆடும் ஸ்பீட்ரன்) எனப்படும். மனிதர்களின் சாதனைகளோடு இதைச் சேர்ப்பதில்லை. மரியோவில் சிறந்த மனித ஓட்டத்துக்கும் டாஸுக்கும் இடையே இன்று அரை வினாடிகூட இல்லை.

சூரமங்கலம் வாசகர்: தொண்ணூறுகளில் வாங்கிய டிவி கேம் பெட்டியும் கேசட்டும் இன்னும் வேலை செய்கின்றன. அதில் ஆடிச் சாதனைக்கு அனுப்பலாமா?

பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் போட்டிக்கு அது உதவாது. அக்காலத்தில் இங்கே விற்ற பெட்டிகள் நம் தொலைக்காட்சிக்கு ஏற்ப வினாடிக்கு 50 பிரேம் ஓடும் நகல்கள். 60-க்காக எழுதிய ஆட்டம் 50-இல் ஓடினால், ஐந்து நிமிட ஓட்டம் ஆறு நிமிடமாக நீண்டுவிடும். மரியோவும் மெதுவாக ஓடுவதால் கை அதற்கே பழகிவிடும். ஏற்கப்பட்ட எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போலவே இயங்கும் மென்பொருள்) ஒன்றைக் கணினியில் நிறுவிக்கொள்வதே செலவு குறைந்த வழி. எவை ஏற்கப்படும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். விதிகளை முதலில் படியுங்கள்.

ஓமலூர் மாணவர்: நான் எங்கிருந்து தொடங்குவது?

சிறு வயதிலிருந்து அலுக்காமல் ஆடிய ஆட்டம் எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். நூற்றுக்கணக்கான முறை ஆடப்போகிறீர்கள். முதலில் கிளிட்ச் எதையும் தொடாமல், சாவாமல், நிற்காமல் ஒரு முழு ஓட்டத்தை முடியுங்கள். பிறகு எளிதான ரூட் ஒன்றைக் கற்று, கடினமான பகுதிகளைச் சேமிப்பு வசதி கொண்டு தனியாகப் பயிலுங்கள். ஒவ்வொரு லெவலின் நேரத்தையும் தனித்தனியாகக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த லெவலில் அதிக நேரம் போகிறது என்பதை அவை காட்டிவிடும். 4-2-இன் குழாயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கொடி ஏறியே போங்கள். ஆடும்போதெல்லாம் திரையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீடியோ இல்லாத ஓட்டத்தை முக்கியப் பட்டியல்களில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள்.