கார் லைசென்ஸ் இருந்தும் பைக்குக்கு இரண்டு அபராதமா?

ஆமாம், சட்டப்படி போடலாம். அண்ணன் பைக்கை நீங்கள் ஓட்டியதற்கு உங்களுக்கு 5,000 ரூபாய், அவருக்கு 5,000 என்று வந்திருப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வாங்குவதல்ல. ஓட்டியவர்மேல் மோட்டார் வாகனச் சட்டம் 181-வது பிரிவு, வண்டியைக் கொடுத்த உரிமையாளர்மேல் 180.

லைசென்ஸ் ஆளுக்குப் பொதுவாகத் தருவதல்ல, வண்டி வகைக்குத் தருவது. உங்களுடையதில் எல்.எம்.வி. (கார் போன்ற இலகுரக வண்டி) மட்டும் இருந்தால், பைக்கைப் பொறுத்தவரை லைசென்ஸே இல்லை என்றுதான் கணக்கு.

பணம் கட்டுவதற்கு முன் அரசின் டிஜிலாக்கர் செயலியில் லைசென்ஸைத் திறந்து வண்டி வகையைப் பாருங்கள். எம்.சி.டபிள்யூ.ஜி. என்று இருந்தால் கியர் பைக் ஓட்டலாம், சலானை (அபராதச் சீட்டை) மறுக்கலாம். எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டும்தான். சலானில் பிரிவு எண்ணையும் சரிபாருங்கள்.

180-வது பிரிவு உரிமையாளர் அனுமதித்திருந்தால்தான் பொருந்தும். அவருக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் நீதிமன்றத்தில் சொல்லலாம். உண்மை அதுவாக இருந்தால் மட்டும்.

அப்புறம், பைக் வகையைச் சேர்க்கும்வரை அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். விபத்தாகிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்கள் அண்ணனிடமே திருப்பி வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடுவது உண்டு. அது லட்சக்கணக்கில் போகும், 5,000-த்தோடு நிற்காது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் பைக்குக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுங்கள். 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்டினால், இருக்கிற லைசென்ஸிலேயே சேர்த்துத் தருவார்கள்.